பதினாலு அவுன்ஸ் கையுறைக்கு நன்றி

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் கோணேசலிங்கம் அவர்களுக்கு,

தங்கத்துரை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை இரத்தினேஸ்வரியும் கோணேசர் அருளால் நலம். அங்கு ஸ்காபரோவில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் பனியில் வழுக்கி விழாமல் நலமாக இருக்க அவரையே வேண்டுகிறேன். நலம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை. என் மேலுதடு கொஞ்சம் வீங்கியிருக்கிறது, இடது விலாவில் ஒரு நோ, மற்றும்படி உண்மையாகவே நலம். அதற்குக் காரணம் நீங்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். ரெலிபோனில் கதைத்தால் இரண்டாவது வசனத்திலேயே நமக்குள் மீன் கதை வந்துவிடும். வட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் ஒரு பெருவிரல் படத்தை அனுப்பி அலுவலை முடித்துவிடுவீர்கள். கடைசியாக நீங்கள் வந்திருந்தபோது, நான் விடியப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிவந்த பாரை மீனைச் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "துறைமுகத்தில இவ்வளவு காலம் இழுவைப் படகு ஓட்டின மனுசனுக்கு நல்ல மீனுக்கும் நாறல் மீனுக்கும் வித்தியாசம் தெரியேல்லை" என்று வந்திருந்த சனத்துக்கு முன்னால் சொன்னீர்கள். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் தங்கையோடு கதைக்கும் நேரம் நான் முற்றத்துக்குப் போய், தண்ணீர் தேவைப்படாத மரங்களுக்கெல்லாம் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பேன். அந்த மீன் நல்ல மீன்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. இருந்தாலும் மச்சான், நீங்கள் அனுப்பிய பார்சலுக்குப் பிறகு, அது நாறல் மீன் என்று நீங்கள் திரும்பவும் சொன்னால்கூட வாயை மூடிக்கொண்டு கேட்க ஆயத்தமாக இருக்கிறேன்.

உங்கள் தங்கை ஈசு தன் வருத்தத்தைப் பற்றி உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். வலது கை நடுங்கத் தொடங்கியபோது களைப்பு என்றுதான் நினைத்தோம். பிறகு டொக்டர், இது பார்க்கின்சன் வருத்தம் என்று பெயர் சொல்லிக் குளிசை எழுதித் தந்தார். குளிசை தன் வேலையைச் செய்தது, ஆனால் அவள் தன் வேலைகளையெல்லாம் விட்டுவிட்டாள். கணக்கு ரீச்சராக இருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி வைத்திருந்தவளின் குரல் அடங்கிப்போய், குசினியிலிருந்து கூப்பிட்டால் விறாந்தைக்குக் கேட்காது. கோயிலுக்கு வரமாட்டாள், கலியாண வீட்டுக்கு வரமாட்டாள். தேத்தண்ணி தந்தால் கோப்பை ஆடும், ஆட்கள் பார்ப்பார்களாம். வீட்டுக்கு யாரும் வந்தால் அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு கதிரையில் சிலைபோல இருப்பாள். என்னிடமும் மறைப்பாள். நானும் பார்க்காதமாதிரி இருப்பேன். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேர் ஒரு வீட்டுக்குள் இருப்பது லேசான வேலையில்லை மச்சான்.

இப்படி இருக்கையில், ஆஸ்பத்திரியில் அவளுக்கு உடற்பயிற்சி காட்டித் தரும் நிப்லா என்ற பிள்ளை, கிண்ணியாவிலிருந்து வந்து வேலை செய்கிறவள், ஒருநாள் ஈசுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நீங்க பொக்சிங் செய்யணும்" என்றாள்.  "பிள்ளை, இவவுக்குக் கை நடுங்குது. நீங்கள் ஆரோ வேற ஆள் எண்டு நினைச்சுச் சொல்லுறியள்" என்றேன். "இல்ல ஐயா, இவங்களுக்குத்தான் சொல்றேன். குத்துறதெண்டா கை, கால், கண், குரல் எல்லாம் ஒண்டா வேல செய்யணும். அதுதான் இந்த வருத்தத்துக்கு நல்லம். பயப்படாதீங்க, டீச்சருக்கு ஒருத்தரும் அடிக்க மாட்டாங்க. டீச்சர் மட்டும்தான் அடிப்பாங்க." இதைக் கேட்டதும் ஈசு தலையை நிமிர்த்தி, "ஆருக்கு?" என்று கேட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் ஒரு விசயத்தில் அக்கறை காட்டிய முதல் தடவை அதுதான். நிப்லா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

உட்துறைமுக வீதிப் பக்கம், முன்பு வள்ளங்களின் எஞ்சின் போட்டு வைத்திருந்த ஒரு மண்டபத்தில் றுவைஸ் என்பவர் குத்துச்சண்டை பழக்குகிறார். ஒருகாலத்தில் போட்டிகளில் அடித்தவராம், அதை அவர் சொல்லத் தேவையில்லை, மூக்கே சொல்லும். அவரிடம் பொதுவாக எல்லோரும் போடுகிற கையுறைகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. ஈசு ஒன்றுக்குள் கையை விட்டுவிட்டு அதே வேகத்தில் வெளியே எடுத்தாள். மழையில் நனைந்த கருவாட்டுச் சாக்கு மணம். றுவைஸ் வெட்கப்படவில்லை. "எல்லார்ட வேர்வையும் அதுக்குள்ள இருக்கு. டீச்சருக்குச் சொந்தமா ஒரு சோடி எடுங்க. ஐயாவுக்கும் தலைக்கு ஒண்டு எடுங்க" என்றார். "எனக்கு ஏன் தம்பி?" என்றேன். "டீச்சர்ட குத்து எங்க போகுமெண்டு டீச்சருக்கே தெரியாதே" என்றார்.

தெரிந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். நானும் வருகிறேன் என்று ஈசு சொன்னாள். நான்தான், கடையில் ஆட்கள் இருப்பார்கள், நீ இரு என்று தடுத்துவிட்டுப் போனேன். பட்டினத்தில் விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில் இரண்டு மூன்று சோடிதான் இருந்தது. வருத்தக்காரிக்குப் பாரம் கூடாது என்று யோசித்து, இருந்ததற்குள் மிகச் சின்னதும் மிக லேசானதுமான ஒரு சோடியை எடுத்தேன். மணிக்கட்டில் கயிறு கோர்த்துக் கட்டுகிற வகை. கயிறு என்றால் எனக்குத் தெரியாததா? தலைக்கவசத்தில் நேர் எதிராக யோசித்தேன். பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிதாக இருக்கும் என்று, மூக்குக்கு முன்னால் தடித்த சட்டம் போட்டது ஒன்று, இருந்ததற்குள் மிகப் பெரியதை வாங்கினேன். கடைக்காரப் பெடியன் "அளவு பாக்கேல்லையோ?" என்று கேட்டான். "எனக்குத் தெரியும் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஈசுவின் கையில் அதை மாட்டி, கயிற்றை இழுத்து, இழுவைப் படகின் வடத்துக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டேன். அந்த முடிச்சின் குணம், இழுக்க இழுக்க இறுகும். இரண்டு கையும் கட்டி முடிந்த அந்த நேரம் பார்த்துக் குசினியில் சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அங்கே ஓட, இங்கே ரெலிபோன் அடித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள்தான். அவளால் ரெலிபோனைத் தூக்க ஏலாது. என்னால் உங்களோடு கதைக்க ஏலாது. கடைசியில் நான் அதை எடுத்து அவள் காதில் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கதைத்த அவ்வளவும் எனக்கும் கேட்டது மச்சான். "உந்த மனுசன் என்ன செய்யிறார்?" என்று நீங்கள் கேட்டதும் கேட்டது. "பக்கத்திலதான், கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறார்" என்றாள் உங்கள் தங்கை. உண்மையில் கை கட்டுப்பட்டு நின்றது அவள். கதைத்து முடிந்தபிறகு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், வரவில்லை. கத்தியால்தான் அறுத்தோம். என் உத்தியோக காலத்தில் நான் போட்ட முடிச்சு எதையும் அறுத்ததில்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

புதுக் கயிறு கோர்த்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். தலைக்கவசத்தைப் போட்டேன். நேராகப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது, தலையைத் திருப்பினால் தலை திரும்பியது, கவசம் திரும்பவில்லை. காதுக்கு விட்ட ஓட்டைக்குள்ளால் ஒரு கண்ணும், சட்டத்துக்கு மேலால் மற்றக் கண்ணுமாக நான் ஈசுவைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் குத்தினாள். முதல் குத்து. அந்த லேசான கையுறைக்குள் பஞ்சு என்று ஒன்று இருந்ததாக என் வாய்க்குத் தெரியவில்லை. என் மேல்வரிசைக் கட்டுப்பல்லு பறந்துபோய்ச் சுவரோரம் விழுந்தது. ஈசு, "ஐயோ, பல்லு!" என்று கத்தினாள். எனக்கு நோகிறது என்பதைவிட, அவள் கத்தினது மண்டபத்தின் மற்றப் பக்கத்துக்குக் கேட்டது என்பதுதான் அந்த நேரத்திலும் என் மனதில் பட்டது.

றுவைஸ் பல்லைக் கழுவித் தந்துவிட்டு என்னைக் கதிரையில் இருத்தினார். "என்ன ஐயா வாங்கி வந்திருக்கீங்க? இது தொங்குற மணல் பைக்கு அடிக்கிற கிளவுஸ். பாரம் கொறஞ்சா உள்ளுக்குப் பஞ்சும் கொறஞ்சது. மனுசரோட பழகுறதெண்டா பாரம் கூடினது வேணும், டீச்சருக்குப் பதினாலு அவுன்ஸ் காணும். கயிறு வேணாம், ஒட்டுப்பட்டி வச்சது எடுங்க, பல்லாலயே இழுத்துக் கழட்டலாம்" என்றவர், என் வாயைப் பார்த்துவிட்டு, "டீச்சர் கழட்டலாம்" என்று திருத்திக்கொண்டார். பிறகு தலைக்கவசம். "நெத்தியச் சுத்தி, புருவத்துக்கு மேலால அளக்கணும். போட்டுட்டுத் தலைய இப்படி ஆட்டிப் பாருங்க. அதுவும் தலையோட சேந்து வரணும். ரெண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியணும், தெரியாத குத்துத்தான் விழுத்தும். ஒண்டு சொல்றேன் ஐயா, இது வெட்டுக் காயத்தயும் வீக்கத்தயும்தான் மறிக்கும். தலைக்குள்ள குலுங்குறத இது மறிக்காது. அதனால டீச்சர் மெதுவாத்தான் அடிக்கணும்." ஈசு எல்லாவற்றையும் பாடம் கேட்கிறமாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வசனத்தை மட்டும் கேட்காததுபோல இருந்தது.

அப்படிப்பட்ட சாமான் பட்டினத்தில் கிடைக்கவில்லை. கந்தளாய்க்குப் போன ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் பார்த்தோம், இல்லை. ஈசு பழையபடி கதிரைக்குப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் பிடித்தது. ஒருநாள் மருந்து வாங்கப் போய்விட்டு வருகிறேன், மேசைமேல் பெட்டி. உறைகளை எல்லாம் பிரித்துக் குப்பைக்குள் போட்டுவிட்டு, மடியில் சிவப்புக் கையுறையை வைத்துக்கொண்டு இருக்கிறாள் உங்கள் தங்கை. "அண்ணா அனுப்பினவர்" என்றாள்.

மச்சான், நான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினாலு அவுன்ஸ். அகலமான ஒட்டுப்பட்டி. பெருவிரல் தனியே நீட்டிக்கொண்டு நில்லாமல் பக்கத்தோடு சேர்த்துத் தைத்தது, அதனால் விரல் முறியாது. தலைக்கவசமோ என் தலைக்கென்றே செய்ததுபோல, கன்னத்துக்கு மெத்தை, கண்ணுக்கு வெளி, ஆட்டினால் தலையோடு வரும். இதையெல்லாம் யோசித்துத் தெரிந்தெடுக்க உங்களுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும். என்னோடு கதைக்காத மனுசன், என்னுடைய மூக்கைப் பற்றி யோசித்திருக்கிறார்! அன்று பின்னேரம் முற்றத்தில் நின்றபோது மரங்களுக்குத் தண்ணீர் விட மனம் வரவில்லை, அந்தளவுக்கு மனம் இளகிப்போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் றுவைஸிடம், மற்ற நாட்களில் வீட்டு விறாந்தையில் நான்தான் பை. குத்துக்கு ஒரு எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமென்று நிப்லா சொல்லியிருந்தாள். உங்கள் தங்கை எண்ணோடு நிற்கவில்லை. "ஒண்டு, தண்ணி மோட்டரை நிப்பாட்ட மறந்தது! ரெண்டு, ஈரத் துவாயைக் கட்டில்ல போட்டது! மூண்டு, என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகாதது!" என்று கணக்கெடுத்துக் குத்துவாள். மூன்றாவதுக்கு மட்டும் நான் கையை விரித்து முழுசாக வாங்கிக்கொள்வேன், அது நியாயமான குத்து. ஒருநாள் பக்கத்து வீட்டு அனுஷியா, யாரோ ஈசுவைப் போட்டு அடிக்கிறார்கள் என்று நினைத்து, விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வேலியால் பாய்ந்து வந்தாள். வந்து பார்த்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு தலைக்கவசத்தோடு நான், முன்னால் சிவப்புக் கையுறையோடு ஈசு. அனுஷியா விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். என்னை விடுவிப்பாள் என்று நினைத்தேன். "அக்கா, எனக்கும் ஒருக்கால் தாங்கோவன்" என்றாள்.

போன சனிக்கிழமை பின்னேரம் றுவைஸ் தன் மண்டபத்தில் ஒரு சின்ன நிகழ்ச்சி வைத்தார். சிகிச்சைக்குப் பழகுகிறவர்கள் வீட்டாருக்கு முன்னால் செய்து காட்டுவது. ஈசு வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன், அவ்வளவு சனம். வந்தாள். மேடையில் அவளுக்கு எதிரே தலைக்கவசத்தோடு நான். முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில், மச்சான், அவளுடைய கால் நின்றுவிட்டது. இந்த வருத்தத்தில் அப்படி வருவதுண்டு, தரையோடு ஒட்டினமாதிரி, எடுக்க நினைத்தாலும் கால் வராது. சனம் முழுக்க அவளையே பார்த்தது. அவளுடைய முகம் பழைய கதிரை முகமாக மாறுவதை நான் பார்த்தேன். எட்டிக் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிவிட வேண்டும்போல இருந்தது. அப்படிச் செய்தால் அவள் இனி ஏறமாட்டாள் என்றும் தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்: "ரீச்சர், ஏழெட்டு ஐம்பத்திமூண்டு!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள் வாங்கிய பார்வை. "ஐம்பத்தாறு!" என்று ஒரு சத்தம், கால் எழும்பியது, ஒரு எட்டு வைத்தாள், வலது கை, அதே நடுங்குகிற கை, வந்து என் தலைக்கவசத்தின் கன்னத்தில் இறங்கியது. நான் விழுந்துவிட்டேன். வேண்டுமென்று விழுந்ததாகப் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். கீழே கிடந்து நிமிர்ந்து பார்த்தால், அவள் இரண்டு கையுறையையும் வயிற்றில் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் எவ்வளவு காலமாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தலைக்கவசத்துக்குள் கொஞ்சம் அழுதேன். வேர்வை என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

முடிந்ததும் தேத்தண்ணி தந்தார்கள். ஈசு எல்லோருக்கும் முன்னால் கையை நீட்டிக் கோப்பையை வாங்கினாள். கை ஆடியது. அரைவாசி பிளேட்டில் ஊற்றுண்டது. மிச்ச அரைவாசியை நின்ற இடத்திலேயே குடித்துவிட்டு, "சீனி காணாது" என்றாள்.

மச்சான், இதற்கு நான் எப்படி நன்றி சொல்வது? உங்கள் பார்சல் வந்திராவிட்டால் அவள் அந்தக் கதிரையிலேயே இருந்திருப்பாள். நான் இன்னும் பார்க்காதமாதிரி இருந்திருப்பேன். அடுத்த முறை வரும்போது நம் வீட்டில்தான் நிற்க வேண்டும். மீன் வாங்க நீங்களே போங்கள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன், வாய் திறக்கமாட்டேன். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். கோணேசரும் மாதுமை அம்மனும் உங்களையும், பனியில் வழுக்காமல் உங்கள் முழங்காலையும் காக்கட்டும்.

என்றும் நன்றி மறவாத,
தங்கத்துரை

பி.கு: உறையில் போடமுன், எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படி இதை ஈசுவிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு இருந்தவள் பார்சல் வந்த இடத்தில் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணாவுக்கு இதில ஒண்டுமே தெரியாது" என்றாள். தான் பொக்சிங் போவதையே உங்களுக்குச் சொல்லவில்லையாம், சொன்னால் அடுத்த பிளேனில் வந்து மறித்துவிடுவீர்களாம். கையுறையையும் கவசத்தையும் அவளேதான் றுவைஸிடம் கேட்டு விசாரித்து, கொழும்பிலிருந்து எடுப்பித்திருக்கிறாள். "பின்னை ஏன் அண்ணா எண்டு சொன்னனீ?" என்று கேட்டேன். "நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கவேணும் எண்டு நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனன். என்ர குரல் முழுசா அடங்கமுதல் அது நடக்கட்டும் எண்டு நினைச்சனான்" என்றாள். ஆகவே மச்சான், மேலே எழுதிய நன்றி எதுவும் உங்களுக்கு உரியதல்ல. கிழிக்கப் போனேன், விடவில்லை. "நன்றி சொன்னது சொன்னதுதான், அனுப்புங்கோ" என்கிறாள். மீன் வாங்க உங்களை விடுவேன் என்று எழுதியதை மட்டும் வெட்டலாமா என்று கேட்டேன், அதற்கும் விடவில்லை. சரி, அப்படியென்றால் உனக்கல்லவா நன்றி சொல்ல வேண்டும் என்று சொல்லப் போனால், "வாயால வேண்டாம். அண்ணாவுக்கு எழுதினமாதிரி எனக்கும் ஒரு கடிதம் எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து நான் அவளுக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. முன்னால் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு இருக்கிறேன். நீங்கள் அவளுடைய அண்ணன், எப்படித் தொடங்குவதென்று ஏதும் தெரிந்தால் கெதியாக அறிவியுங்கள். "அன்புள்ள" என்று போட்டால் சிரிப்பாள். போடாவிட்டால் அடிப்பாள்.